கருமாதி அன்று கொட்டிய தண்ணீர்

சாவு விழுந்த வீட்டில் பழைய தண்ணீர் ஒரு சொட்டு நிற்கக் கூடாது. பிணம் எடுத்த கையோடு குடம், அண்டா, பீப்பாய், கேத்தலில் கிடக்கிற மிச்சம் வரைக்கும் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, மலை ஊற்றிலிருந்து வந்து விழுகிற பீலியில் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். கொட்டகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இதையெல்லாம் கூடவே நின்று பார்க்கிற ஆள் நான்தான். பெயர் அழகுமுத்து. யாரும் என்னை அதற்கு நியமிக்கவில்லை. காரியத்தை அரைகுறையாகச் செய்தால் எனக்குப் பொறுக்காது, வாய்க்கு வந்தபடி திட்டிவிடுவேன். அதற்குப் பயந்தே முதலில் என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

முப்பத்தெட்டு வருசம் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் கழுவினவன் நான். கொழுந்து அரைத்த ரோலரில் முதல் நாள் சாறு ஓர் ஓரத்தில் ஒட்டியிருந்தால் போதும், மறுநாள் தேயிலை புளித்துப்போகும். துரை வந்து விரலால் தடவிப் பார்ப்பார். என் வேலையில் அவர் விரலில் ஒருநாளும் எதுவும் ஒட்டினதில்லை. பென்சன் வாங்கிய பிறகும் அழுக்கைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

சுமன் என் தம்பி. எனக்கும் அவனுக்கும் பதினாறு வயது வித்தியாசம். அம்மா மலைக்கு வேலைக்குப் போன நாளில் இடுப்பில் தூக்கி வளர்த்தது நான். கொழும்பில் வளர்ப்பு மீன் விற்கிற கடையொன்றில் பதினெட்டு வருசம் வேலை பார்த்தான். கலியாணம் கட்டி லோஜினியையும் அங்கேயே கூட்டிப் போனான். பிள்ளைகள் இல்லை. போன வருசம் இரண்டு கிட்னியும் பழுது என்று தெரிந்து, இனி வேலைக்கு ஆகாது என்றானதும், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பூட்டிக் கிடந்த அம்மாவின் ஒற்றையறைக் காம்பராவுக்கே இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். அவன் சுவருக்கு இந்தப் பக்கம் என் காம்பரா.

வந்து ஒரு மாதம் போயிருக்கும். ஹட்டனிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். நடக்கவே தெம்பில்லாத ஆளுக்கு இது ஒரு கேடா என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடியில் சின்னக் கல் பரப்பி, பீலித் தண்ணீரை ஊற்றி, தண்ணீரைக் கதகதப்பாக வைக்கிற கம்பி ஒன்றையும் அழுக்கை இழுக்கிற ஸ்பஞ்ச் ஒன்றையும் உள்ளே மாட்டினான். மீன் எங்கேடா என்று கேட்டால், இப்ப விடக் கூடாதுண்ணே என்றான். மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், வெறும் தண்ணீர்தான் குமிழி விட்டுக்கொண்டு கிடந்தது. அதுகூடப் பரவாயில்லை. தினமும் காலையில் மீன் தீனியில் ஒரு சிட்டிகை எடுத்து அந்த வெறும் தண்ணீரில் தூவுவான்.

“தண்ணிக்குச் சோறு போடுறவன ஒலகத்துலேயே இங்கதான் பாக்கலாம்” என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். தண்ணீர் பக்குவமாகுது, கொஞ்சம் பொறுங்க என்றான். எனக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்லுடா என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மணிக்கணக்காகச் சொல்லியிருப்பான். அவனுக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான், அதைப் பற்றி ஒருநாள் உட்கார்ந்து கேட்க அண்ணன்காரனுக்கு மனசு வரவில்லை.

நாலாம் கிழமை ஆறு கப்பி மீன் வந்தது. விரல் நகம் பெரிசு, வால் மட்டும் சிவப்பும் நீலமுமாக விசிறி மாதிரி. தொட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லியிருந்தான். காலையில் கண் விழித்ததும் முதலில் கையை நீட்டி விரலைத் தண்ணீரில் வைத்துச் சூடு பார்ப்பான். பிறகுதான் தேத்தண்ணீர்.

லோஜினிக்கு எல்லாவற்றையும் ஒப்பித்துக் கொடுத்திருந்தான். கிழமைக்கு ஒருதரம் கால்வாசித் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டுப் புதிசு ஊற்ற வேண்டும். ஊற்றுகிறதை அடுப்பில் வைத்துக் கைச்சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்பஞ்சைப் பீலியில் கழுவவே கூடாது, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒரு பிழி பிழிந்து மாட்டிவிட வேண்டும். புதுத் தொட்டிக்கு மூன்று மாதம் கண்டம், அதைத் தாண்டிவிட்டால் அது தன் பாட்டில் ஓடும் என்று சொல்லியிருந்தான். தண்ணீர் ஊற்றின நாளிலிருந்து எண்ணி, மூன்று மாதம் முடிகிற தேதியை அவள் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

மீன் விட்டு ஏழாம் நாள் அவனுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். இரண்டே விசயம்தான் கேட்டான்.

“அண்ணே, இவள அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிறாதிங்க, இங்கயே இருக்கட்டும். அப்பறம், இந்தத் தண்ணிய யாரயும் மொத்தமா கொட்ட வுட்றாதிங்க. கால்வாசிதான்.”

சரிடா, சரிடா என்றேன். முதலாவதை மனசில் போட்டுக்கொண்டேன். இரண்டாவது காதில் விழுந்தது, அவ்வளவுதான். சாகப்போகிறவன் எதையோ உளறுகிறான் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் போய்விட்டான்.

அன்றைக்கு வீட்டில் இருந்த தண்ணீரெல்லாம் கொட்டினோம். ஆனால் தொட்டி மேல் பெண்கள் யாரோ சேலையைப் போட்டு மூடியிருந்தார்கள். கூட்டத்தில் அது என் கண்ணில் படவில்லை.

அடுத்த இரண்டு கிழமையும் லோஜினி ஆள் முன்னால் அழவில்லை. சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள். ஆனால் காலையானால் தொட்டியில் விரல் விட்டுச் சூடு பார்ப்பாள், தண்ணீர் மாற்றுகிற நாளில் அடுப்பில் வைப்பாள், தீனி போடுவாள், தொட்டிக்கு முன்னால் குந்திக்கொள்வாள். நோட்டன் பிரிட்ஜிலிருந்து அவளுடைய அம்மா, வந்துரு வந்துரு என்று போன் எடுத்துக்கொண்டே இருந்தாள். இவள் அசையவில்லை. இதை மூன்று மாதம் தாண்ட வைத்துவிட்டால் போதும், அவர் தொடங்கினதை நான் முடித்தேன் என்று இருக்கும் என்று என் சம்சாரம் வேலாயியிடம் சொன்னாளாம். வேலாயி வந்து எனக்குச் சொன்னாள். நல்லது, அந்தச் சாக்கிலாவது இங்கே இருக்கட்டும் என்று எனக்கும் நிம்மதி. அப்படி நிம்மதிப்பட்ட அதே மனுசன்தான் இதையும் செய்தேன்.

பதினாறாம் நாள் கருமாதி. கொள்ளி வைத்தது என் மகன் திலக்ஷன். அவனோடு ஆண்கள் ஆற்றுக்குப் போனார்கள். லோஜினியையும் பெண்கள் அழைத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் வீட்டைக் கழுவிவிட வேண்டும் என்று நான் மட்டும் நின்றேன்.

சுவர், நிலை, தரை எல்லாம் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். கட்டிலை நகர்த்தினபோது தொட்டி முன்னால் வந்து நின்றது. அடிக்கல் மேல் பச்சையும் பழுப்புமாகப் பாசி. ஸ்பஞ்ச் கறுத்துப்போய் வழுவழுவென்று இருந்தது. சாவு விழுந்த நேரத்தில் இந்த வீட்டுக்குள் இருந்த தண்ணீர், பதினாறு நாளாக இங்கேயே நிற்கிறதே என்று கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டேன். அந்த வாரம் வேலாயிக்குக் காய்ச்சல் வந்ததும், திலக்ஷன் வழுக்கி விழுந்து கை வீங்கினதும், எல்லாம் இதனால்தான் என்று ஒரு நொடியில் தீர்ப்பு எழுதிவிட்டேன். தம்பி சொன்னது ஞாபகம் வராமல் இல்லை, வந்தது. செத்தவன் சொல்லைவிட சாவு வீட்டு முறை பெரிசு என்று நினைத்தேன். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆறு மீனையும் புதுத் தண்ணீர் பிடித்த ஒரு சட்டியில் விட்டேன். தொட்டித் தண்ணீரை மூன்று வாளியாக மொண்டு, பின்பக்கத்துச் சாக்கடைக் கானில் கொட்டினேன். கல்லைச் சாக்கில் போட்டுப் பீலியடியில் உரசு உரசென்று உரசினேன். கண்ணாடியைச் சவுக்காரம் போட்டுத் துடைத்தேன். ஸ்பஞ்சை என் முப்பத்தெட்டு வருச அனுபவமெல்லாம் சேர்த்துக் கசக்கினேன். கறுப்பும் பழுப்புமாக இறங்கி இறங்கி, கடைசியில் கடையில் வாங்கினதுபோல் ஆகிவிட்டது. பீலித் தண்ணீரை நிரப்பி மீனை விட்டுக் கம்பியையும் மாட்டினேன். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குத் தெளிவு. பெருமையாகத்தான் இருந்தது. வந்து பார்த்தால் சந்தோசப்படுவாள் என்றுகூட நினைத்தேன்.

அவள் ஈரச் சேலையோடு வாசலுக்கு வந்தாள். வெறும் கழுத்து. வீட்டுக்குள் கால் வைத்தவள் தொட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். கிட்டப் போய் விரலை உள்ளே வைத்து உடனே எடுத்தாள். பீலித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று மலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“எல்லாத்தயும் கொட்டிட்டிங்களா மாமா?”

எல்லாத்தையும் கொட்டிட்டேன், முறை அப்படி, அன்றைக்கே கொட்டியிருக்க வேண்டும், விட்டுப்போச்சு என்று சொன்னேன். கூட வந்த பெண்கள், பெரியவர் எவ்வளவு சுத்தமாகக் கழுவியிருக்கார் பாரு என்று பாராட்டினார்கள். லோஜினி பின்பக்கம் போய்க் கானைப் பார்த்தாள். மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து அடுப்பை மூட்டித் தண்ணீர் வைத்தாள். கருமாதிச் சாப்பாடு முடிந்து எல்லோரும் போகும்வரை அடுப்படியிலேயே நின்றாள். அவள் ஒரு நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அதோடு முடிந்திருக்கும். அதற்கும் அவள் இடம் கொடுக்கவில்லை.

அன்று பின்னேரமே மீன்கள் ஆறும் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. மறுநாள் காலை இரண்டு மிதந்தன. அதற்கடுத்த நாள் ஒன்று. செத்த மீனை லோஜினி ஒவ்வொன்றாக எடுத்து, சேமங்கிழங்குக் கன்று நட்டிருக்கும் மூலையில் புதைத்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் மண் கிளறுகிற சத்தத்தைக் கேட்டேன். எனக்கு உட்கார முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினேன்.

சுமன் தொட்டி வாங்கின கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு சிங்களப் பெண் நடத்துகிறாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன். தம்பி பெயரைச் சொன்னதும் அவளுக்கு முகம் வாடியது. சுமன் அண்ணா செத்துட்டாரா என்று கேட்டுவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்து என்னை உட்காரச் சொன்னாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். மீன் கழிக்கிறது தண்ணீரில் நஞ்சாக மாறுமாம். அந்த நஞ்சைத் தின்கிற நல்ல கிருமிகள் இருக்கின்றனவாம், கண்ணுக்குத் தெரியாது. கல்லிலும் ஸ்பஞ்சிலும்தான் அவை குடியிருக்கும். புதுத் தொட்டியில் அவை உண்டாகக் கிழமைக்கணக்கில் ஆகும், எங்கள் குளிருக்கு இன்னும் மெதுவாக. மீன் வருவதற்கு முன்னாலேயே அவற்றை உண்டாக்கத்தான் வெறும் தண்ணீருக்குத் தீனி போடுவது.

தண்ணிக்குச் சோறு போடுறான் என்று நான் சிரித்தேனே, அவன் அப்போது வளர்த்தது அதைத்தான். மீன் வாழ்கிறதுக்கு வீடு கட்டியிருக்கிறான். நான் அழுக்கு என்று கசக்கிக் கசக்கிப் பீலியில் விட்டது அந்த வீட்டை.

கழுவாத எதாவது மிச்சம் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். ஒரு கல், ஒரு துணுக்கு ஸ்பஞ்ச், ஒரு போத்தல் அடியில் கிடக்கிற பாசி, எதுவாக இருந்தாலும் போதும், அதை வைத்து மறுபடி உண்டாக்கலாம் என்றாள். நான் மனசுக்குள் அந்தக் காம்பராவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கட்டிலுக்குக் கீழே, கல்லுக்கு இடையில், குழாய்க்குள்ளே, எங்கேயும் ஒன்றுமில்லை. வேறு எவனாவது கழுவியிருந்தால் ஒரு மூலையாவது மிச்சம் இருந்திருக்கும். கழுவினது நான்.

அவள் தன் கடைத் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த கறுத்த ஸ்பஞ்சைக் கத்தரித்து, அந்தத் தண்ணீரோடு பையில் போட்டுக் கட்டித் தந்தாள். காயவிடக் கூடாது, குளிர விடக் கூடாது, சீக்கிரம் போங்க என்றாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பையைச் சட்டைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நாற்பது வருசத்துக்கு முன்னால் அவனைத் தூக்கின பிறகு வேறு எதையும் நான் அப்படி வைத்துக்கொண்டதில்லை.

லோஜினி பையை வாங்கிப் பார்த்தாள். எங்கே கிடைத்தது என்று கேட்டாள், சொன்னேன். தொட்டிப் பக்கம் போக எனக்கு வழிவிட்டாள். ஸ்பஞ்சை நானே மாட்டினேன். அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் அவளுக்கு முன்னால் நானே போய், தண்ணீரைக் கைச்சூட்டுக்குக் காய்ச்சி, ஒரு சொம்பு எடுத்து ஒரு சொம்பு ஊற்றினேன். மிச்சம் இருந்த மூன்றில் இரண்டு செத்தது. ஒன்று மட்டும், வால் கிழிந்து நிறம் மங்கின ஒன்று, கீழே இறங்கிக் கல்லுக்கு இடையில் தீனி தேடத் தொடங்கியது. அதைப் பார்த்த அன்றைக்கு நான் ஒரு கிழவன் என்பதையும் மறந்து வேலாயியைக் கூப்பிட்டுக் காட்டினேன். லோஜினியும் வந்து பார்த்தாள். நல்லா இருக்கு என்றாள்.

அவள் தொட்டிக்கு முன்னால் உட்காருவதை விட்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கு மீன் பிழைத்தால் போதும், செய்த பிழை சரியாகிவிடும் என்ற எண்ணம் ஒன்றுதான். கலண்டரில் அவள் வட்டம் போட்ட தேதியை நான்தான் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நாள் வந்தது. காலையிலேயே அவள் வாசலில் போய் நின்றேன். அவள் சேலைகளை மடித்து ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“மூணு மாசம் தாண்டிருச்சி புள்ள” என்றேன்.

“எந்தத் தண்ணிக்கி மாமா?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. மடித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்குப் புரிய வேண்டும் என்று நினைத்தவள்போல் மெதுவாகச் சொன்னாள்.

“நான் மீனுக்காக இருக்கல. அவரு தெனமும் கை வச்ச தண்ணி அது. கால்வாசி எடுத்தாலும் முக்கால்வாசி அவரோடதா இருக்கும், அடுத்த கெழமையும் அதுல கொஞ்சம் இருக்கும். எவ்வளவு நாளானாலும் ஒரு சொட்டாவது இருந்துகிட்டேதான் இருக்கும்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க மொறைப்படிதான் செஞ்சிங்க, ஒங்கள குத்தம் சொல்லல. இப்ப இருக்கிறது நீங்க பொழைக்க வச்ச மீனு, நீங்க கொண்டாந்த தண்ணி. நீங்களே பாத்துக்குங்க மாமா.”

அனுப்பிறாதிங்க என்று தம்பி கேட்டதை அவளிடம் சொல்லித் தடுக்க நினைத்தேன். எந்த முகத்தோடு சொல்வது? அவன் கேட்ட இரண்டில் ஒன்றைக் கொட்டிவிட்டு, மற்றதை அவள் தலையில் எப்படி வைப்பது? பையைத் தூக்கிக்கொண்டு கொட்டகலைச் சந்தி வரைக்கும் அவளோடு இறங்கி நடந்தேன். வழி முழுக்க ஒரே ஒரு வார்த்தையை நாக்கு நுனியில் வைத்திருந்தேன். தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிரு புள்ள. சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆயுசில் யாரிடமும் சொல்லிப் பழகாத வாயில் அது வரமாட்டேன் என்றது. பஸ் வந்து நின்றது. பையை உள்ளே வாங்கி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சொல்லுங்க மாமா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள். பஸ் புறப்படும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அங்கிட்டு மழ கூடுதல், கொட எடுத்துக்கிட்டியா?” என்று கேட்டேன்.

எடுத்துக்கிட்டேன் மாமா என்றாள்.